தோல் சுருங்கும் வரை

எலும்பு அறுவை மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் எங்கள் கையில் முதலில் கொடுப்பது ஒரு பிளாஸ்டிக் எலும்பு. வெளிர்மஞ்சள் நிறம். மேலே கெட்டியான ஓடு, உள்ளே நுரை போன்ற பொருள். டிரில்லை வைத்து அழுத்தினால் நிஜ எலும்பில் நடப்பது போலவே முதல் ஓட்டைத் துளைத்து, நுரையில் வழுக்கி, எதிர்ப்பக்க ஓட்டில் முட்டி நிற்கும். முறிவையும் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேசையில் கவ்வியால் இறுக்கி, பிளேட்டை வளைத்து, ஸ்க்ரூக்களை முறுக்கினால் நாற்பது நிமிடத்தில் ஒரு கணுக்கால் முறிவு சேர்ந்துவிடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பக்கத்து மேசைக்காரர் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்வார்.

அந்த எலும்பில் தோல் கிடையாது. தொடை எலும்பைப் பழகும்போது அது ஒரு குறையாகவே தெரியாது. தொடையைச் சுற்றிலும் கைப்பிடி கைப்பிடியாகச் சதை. எந்தப் பக்கம் கீறினாலும் உள்ளே வைத்த இரும்பை மூடிக்கொள்ள ஏதாவது இருக்கும். கணுக்கால் அப்படியில்லை. மெலிந்து போனவரை எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்போம். நூறு கிலோ எடை உள்ளவருக்கும் கணுக்கால் எலும்பும் தோலும்தான். உட்பக்க மொழியின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். தோல், அதற்கடியில் பேருக்குக் கொஞ்சம் கொழுப்பு, அடுத்தது எலும்பு. அந்த இடத்தில் தையல் பிரிந்தால் பிளேட் வெளியே தெரியும். பிளேட் தெரிந்த கால் பிறகு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தெற்கே ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். பயிற்சி வகுப்புகளுக்கு முதலில் மாணவனாகப் போனேன். இப்போது சில வருடங்களாக, மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறவனாகவும் கூப்பிடுகிறார்கள். இடுப்பு, முட்டி, தோள்பட்டை என்று தனித்தனி வகுப்புகள் உண்டு. எனக்குப் பிடித்தது பாதமும் கணுக்காலும். மற்ற வகுப்புகளில் எப்படிச் செய்வது என்பதிலேயே பெரும்பாலான நேரம் போய்விடும். இதில் மட்டும்தான் எப்போது செய்யக்கூடாது என்பதற்குப் பாதி நேரம் ஒதுக்கியிருப்பார்கள்.

இந்த வகுப்புகளின் பூர்வீகம் டாவோஸ். 1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில் பதின்மூன்று அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மோரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர், ஹான்ஸ் வில்லெனெகர், ராபர்ட் ஷ்னைடர் ஆகியோர் அதில் முன்னால் நின்றவர்கள். அந்தக் காலத்தில் கால் முறிந்தால் மாவுக்கட்டு, இல்லையென்றால் எடையைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்கை. எலும்பு கூடும், ஆனால் மூட்டு விறைத்துப்போகும், தசை சூம்பிப்போகும். முறிவை உள்ளிருந்தே இரும்பால் உறுதியாகப் பிடித்துவிட்டால் மறுநாளே மூட்டை அசைக்கலாமே என்பது இவர்கள் யோசனை. அதற்கான கருவிகளைச் செய்தார்கள். அந்தக் கருவிகளைப் பிடிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் கெடுதல்தான் அதிகம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் 1960 டிசம்பரில் டாவோஸில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார்கள். உரை கேட்டுவிட்டுப் போவதோடு நிற்காமல், கருவியைக் கையில் கொடுத்து எலும்பில் பழக வைத்தார்கள். இன்றைக்கு நம் ஊர் ஹோட்டல்களின் மாநாட்டுக் கூடங்களில் டிரில் சத்தம் கேட்கிறதென்றால் அதற்கு மூலம் அங்கே இருக்கிறது.

டாவோஸ் ஒரு பனிமலை ஊர். பனிச்சறுக்குக்குப் பேர் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் சொல்லப்போகிற விஷயமே பனிச்சறுக்கில்தான் ஆரம்பிக்கிறது.

முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் அடிப்பாகம் கணுக்கால் மூட்டுக்குக் கூரை மாதிரி. உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தால், பாதத்தின் உச்சியில் இருக்கும் தாலஸ் எலும்பு அந்தக் கூரையை இடித்துச் சிதறடிக்கும். 1911இல் லியோன் நகரத்து மருத்துவர் எத்தியன் டெஸ்டோ இந்த இடத்தைச் சொல்லும்போது பிலோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பிரெஞ்சில் உலக்கை, குழவி என்று பொருள். இங்கே எல்லோரும் ஆங்கில உச்சரிப்பில் பைலான் என்கிறோம். உலக்கை என்றே சொல்லியிருக்கலாம். உரலும் உலக்கையும் பார்த்து வளர்ந்த நோயாளிக்கு ஒரே வார்த்தையில் புரிந்திருக்கும். நான் அப்படித்தான் சொல்கிறேன். "மேலேர்ந்து உலக்கை போட்ட மாதிரி மூட்டு இடிஞ்சிருக்கு" என்றால் தலையாட்டுகிறார்கள்.

இந்த முறிவுக்கு 1969இல் தாமஸ் ரூடியும் ஆல்கோவரும் ஒரு வழி சொன்னார்கள். நாலு படி. முதலில் பக்கத்துச் சிறிய எலும்பின் நீளத்தைச் சரிசெய். பிறகு மூட்டின் பரப்பைத் துண்டு துண்டாகச் சேர். நடுவில் குழியாகிற இடத்தை இடுப்பிலிருந்து எடுத்த எலும்பால் நிரப்பு. கடைசியாக உட்பக்கம் ஒரு பிளேட் வைத்துத் தாங்கு. பெரும்பாலானவர்கள் நன்றாகவே நடந்தார்கள். அந்த நாலு படி பாடப்புத்தகத்தில் ஏறி, பயிற்சி வகுப்புகள் வழியாக உலகம் முழுக்கப் போயிற்று. இன்றும் பிளாஸ்டிக் எலும்பில் அதைத்தான் செய்ய வைக்கிறோம்.

சுவிஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் பனிச்சறுக்கில் விழுந்தவர்கள். கால் திருகி முறிந்தது. மேலே தோல் அநேகமாக முழுசாக இருந்தது. அதே பாடத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் கார் மோதியவர்களுக்கும் மாடியிலிருந்து விழுந்தவர்களுக்கும் செய்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இவர்களுக்கு எலும்பை நொறுக்கிய அதே விசை தோலையும் உள்ளிருந்து நசுக்கியிருந்தது. வீங்கிய காலை முதல் இரண்டு மூன்று நாளிலேயே கீறினார்கள். தையல் பிரிந்தது, சீழ் வைத்தது, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த கட்டுரைகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. செய்தவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் இல்லை. படித்ததைப் படித்தபடி செய்தவர்கள்.

1999 வாக்கில் இரண்டு கட்ட முறை நிலைபெற்றது. முதல் நாள் மூட்டைத் தொடுவதில்லை. முறிவுக்கு எட்டத்தில், மேலே முழங்கால் எலும்பிலும் கீழே குதிகாலிலும் கம்பி போட்டு, வெளியே ஒரு சட்டத்தால் இழுத்துப் பிடித்துவிடுவது. எங்கள் வார்டில் இதற்குப் பேர் வெளிக்கம்பி. நீளம் கிடைத்த பிறகுதான் சி.டி. ஸ்கேன், அதற்கு முன்னால் எடுத்தால் நொறுங்கிய குவியல்தான் தெரியும். பிறகு காத்திருப்பது. பத்து நாள், பதினான்கு நாள், சிலருக்கு மூன்று வாரம். தோல் தயாரானதும் மூட்டைத் திறந்து அந்தப் பழைய படிகளுக்குப் போவது. படிகள் பெரிதாக மாறவில்லை. நடுவில் இரண்டு வாரம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

தோல் தயார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு மெஷின் எதுவும் கிடையாது. வீங்கிய தோல் பலூன் மாதிரி இழுபட்டுப் பளபளவென்று இருக்கும். அதில் கொப்புளம் கிளம்பும். தெளிந்த நீர் இருந்தால் காயம் மேலோட்டம். ரத்தம் கலந்து கருஞ்சிவப்பாக இருந்தால் ஆழம், அந்த இடத்தில் கத்தி படக்கூடாது. வீக்கம் வற்ற வற்றத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் வரும். பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கினால் கணுக்காலின் முன்பக்கம் கோடுகள் விழ வேண்டும். விழுந்தால் கீறலாம்.

ஒரு வகுப்பில் மூத்த ஆசிரியர் ஒருவர் செய்ததைச் சொல்ல வேண்டும். திரையில் ஒரு காலின் புகைப்படம் போட்டார். ஊதா நிறத்தில் வீங்கி, நாலைந்து கொப்புளங்களோடு. "என்ன செய்வீங்க?" என்று கேட்டார். முன்வரிசையிலிருந்த ஒருவர், "எக்ஸ்ரே காட்டுங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"ஃபிராக்சர் பேட்டர்ன் பாக்கணும்ல சார்."

"பாத்து?"

"எந்தப் பக்கம் அப்ரோச்னு முடிவு பண்ண..."

"அது அடுத்த வாரத்துக் கேள்வி. இன்னைக்குக் கேள்வி இந்தத் தோல்தான்." எக்ஸ்ரேயைக் காட்டவேயில்லை. இருபது நிமிடம் அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு பேசினார். நோயாளிக்கு வயசு என்ன, சர்க்கரை உண்டா, பீடி எத்தனை கட்டு, காலை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள், தலையணைதானா இல்லை கட்டிலையே உயர்த்தியிருக்கிறார்களா. இளம் மருத்துவர்கள் நெளிந்தார்கள். அவர்கள் பணம் கட்டி வந்தது புது பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்க. என்னைக் கேட்டால் அந்த இரண்டு நாளில் உருப்படியான இருபது நிமிடம் அதுதான்.

குதிகால் வகுப்பு வந்தால் கூடம் இரண்டாகப் பிரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் குதிகால் முறிவு என்றால் தென்னை, பனை, சாரம், கிணறு. விழுந்தவருக்கு இரண்டு குதிகாலும் போயிருக்கும். பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பும் நசுங்கியிருக்கும் என்பதால் காலை விட்டுவிட்டு முதலில் முதுகைத் தட்டிப் பார்க்க வேண்டும். குதிகால் எலும்பு ஒரு முட்டை மாதிரி. மேலே ஓடு, உள்ளே வெறும் பஞ்சு. நொறுங்கினால் அகலமாகிக் குள்ளமாகிவிடும். நீள 'எல்' வடிவத்தில் கீறி, தோலையும் கொழுப்பையும் ஒரே மடலாகத் தூக்கி, பிளேட் வைத்து அதை அழகாகத் திரும்பக் கட்டலாம். கட்டிய எக்ஸ்ரே கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த 'எல்' மூலையில் தோல் கறுக்கும்.

பிரிட்டனில் 151 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஒரு ஆய்வு 2014இல் வெளியானது. பாதிப்பேருக்கு அறுவை, பாதிப்பேருக்கு அறுவை இல்லாமல் உயர்த்தி வைத்தல், ஐஸ், உடற்பயிற்சி. இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடையிலும் வித்தியாசம் இல்லை. சிக்கல்கள், மறுஅறுவை என்று கணக்கெடுத்தால் அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 23 பேர், செய்யாதவர்களில் 4 பேர். அதற்கு முன்பே 2002இல் கனடாவில் இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று வந்திருந்தது. அதிலும் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. சில பிரிவினருக்கு மட்டும் அறுவையால் பலன் தெரிந்தது.

இந்த எண்களைத் திரையில் போட்டதும் யாராவது எழுந்துவிடுவார். "அவங்க பண்ணது பழைய இன்சிஷன் சார். இப்ப சின்ன ஓட்டை வழியாப் பண்றோம்." சரிதான். பக்கவாட்டில் சிறு கீறல் வழியாகச் செய்யும் முறையில் தோல் பிரச்சினை நன்றாகவே குறைந்திருக்கிறது. இன்னொருவர், "குதிகால் ரொம்பக் கோணிப்போச்சுன்னா அப்படியே விட்ருவீங்களா?" என்பார். அதுவும் சரிதான், மோசமாக உருக்குலைந்தவர்களை அந்த பிரிட்டிஷ் ஆய்வில் சேர்க்கவே இல்லை. என் கருத்து ஒன்று உண்டு. குதிகால் பெரிதாகக் கோணாமல், வயது ஐம்பதைத் தாண்டி, தினம் இரண்டு கட்டு பீடி பிடிக்கிற ஒரு பனையேறியின் குதிகாலை நான் கீறமாட்டேன். இதைச் சொன்னால் தைரியம் இல்லாதவன் என்று நினைப்பவர்கள் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும்.

நடுப்பாத முறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிஸ்ஃபிராங்க் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் பேரில் ஒரு மூட்டு இருக்கிறது. அவர் எழுதியது முறிவைப் பற்றி இல்லை. 1815இல் அந்த மூட்டு வழியாகப் பாதத்தின் முன்பாதியை எப்படி வெட்டி எடுப்பது என்று எழுதினார். பேர் மட்டும் காயத்துக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் எக்ஸ்ரேயில் ஐந்தில் ஒன்று தப்பிவிடும் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். படுக்க வைத்து எடுத்தால் தெரியாது, நிற்க வைத்து எடுத்தால் விரியும். உள்ளங்காலில் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருந்தால் சுளுக்கு என்று அனுப்பிவிடக்கூடாது. பாதத்தைத் திருப்பி அடியைப் பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

இனி வகுப்புகளைப் பற்றிய என் மனத்தாங்கல். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி ஒரு மருத்துவர் ஐந்து வருடத்தில் 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். நல்ல விதி. ஆனால் எண்ணுவது உட்கார்ந்த நேரத்தை. தூங்கினவருக்கும் அதே மணி, எழுதினவருக்கும் அதே மணி. வகுப்புக்கு டிரில், பிளேட், பிளாஸ்டிக் எலும்பு எல்லாம் பெரும்பாலும் கருவி செய்கிற கம்பெனிகள் கொண்டுவருகின்றன. அவர்கள் இல்லாவிட்டால் வகுப்பே நடக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் பன்னிரண்டு நாள் காத்திரு என்ற பாடத்துக்கு எந்தக் கம்பெனி ஸ்டால் போடும்? தோல் பற்றிய உரை எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப்பேர் கண் சொக்குகிற நேரத்தில் வரும். ஏசி வேறு.

இன்னொன்று. காத்திருக்கச் சொல்லி மருத்துவருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தக் காத்திருப்பை வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பிலும் வந்ததில்லை.

இருபத்தி நாலு வயதுப் பையன் ஒருவன். பூச்சு வேலை. இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் உலக்கை முறிவு. அன்று ராத்திரியே வெளிக்கம்பி போட்டாயிற்று. அடுத்த கட்டிலில் பைக் விபத்தில் தொடை முறிந்த ஒரு பையன். வந்த மறுநாள் உள்ளே கம்பி செலுத்தி, நாலாம் நாள் வாக்கரோடு நடந்தான். அவன் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய், அந்தக் கட்டிலில் வேறொருவர் வந்து, அவருக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் பூச்சுவேலைப் பையனின் அம்மா என்னை மறித்தார்.

"ஐயா, முந்தாநாள் வந்தவனுக்கு நேத்து ஆபரேசன் பண்ணிட்டிய. எம் புள்ள எட்டு நாளாக் கெடக்கான். எங்கட்ட துட்டு இல்லன்னுதான தள்ளிப் போடுதிய?"

"அம்மா, துட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீக்கம் வத்தணும்மா."

"வீக்கம் வத்தணும், வீக்கம் வத்தணும்னு வாறவ போறவல்லாம் சொல்லுதாவ. வத்துச்சா வத்தலையான்னு யாரு பாக்கா? நீங்க ஒரு நிமிசம் நிக்கிய. புத்தூருக்குக் கொண்டுபோனாக்கூட அன்னைக்கே கட்டிப்புடுவாவளே."

அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. ஏழைக்குக் காத்திருப்பு என்றால் என்ன பொருள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீஸில் காத்திருந்திருப்பார், ரேஷன் கடையில், வங்கியில். எங்கேயும் அவர் நன்மைக்காக யாரும் அவரைக் காக்க வைத்ததில்லை. இங்கே மட்டும் வித்தியாசம் என்று எப்படி நம்புவார்? புத்தூர்க் கட்டுக்கு நம் ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. அங்கே போன உடனே ஒருவர் கையால் தொடுகிறார். நாங்கள் பிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தப் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் மாவுக்கட்டு அறைக்காரர். முப்பது வருட சர்வீஸ். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் கட்டைப் பிரிக்கும்போது புறங்கையை வைத்தே சொல்லிவிடுவார்: "சார், இந்தக் காலு இன்னும் கொதிக்கி." தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இதற்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் அழுகி உதிர்வது நோயின் நேரடி வேலை இல்லை, வலி தெரியாததால் அவர்கள் அறியாமல் படுகிற காயங்களின் வேலை என்று அவரும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். வலி சொல்லாத பாதத்தில் எங்கே அடுத்துப் புண் வரும் என்பதைச் சூடு சொல்லும். கையால் தொட்டுப் பார் என்று அவர் கற்றுக்கொடுத்தார். இன்று சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்கு உலகெங்கும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்ட காலில் கணுக்கால் முறிந்தால் மற்றவர்களுக்கு ஆகிற காலத்தைப்போல இரண்டு மடங்கு மாவுக்கட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்கிற கணக்கு. ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் மருத்துவர் இல்லை, அண்ணாச்சிதான்.

அவர் அந்த அம்மாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். நானும் நின்றேன்.

"இங்க பாருங்க தாயி. இந்த எடம் பணியாரம் மாதிரி உப்பிப் பளபளன்னு இருக்குல்லா? இதுல கத்தி வச்சா தைக்க முடியாது, பிச்சுக்கிட்டு நிக்கும். தெனமும் காலைல எந்திரிச்சதும் ரெண்டு வெரலால லேசாத் தோலைக் கூட்டிப் பாருங்க. அழுத்தப்பிடாது. கசங்குன வேட்டி மாதிரி கோடு கோடா வுழுதான்னு பாக்கணும். கொப்புளத்துப் பக்கம் கைய வச்சிராதிய. கோடு வுழுந்துட்டுன்னா நர்ஸம்மாட்ட சொல்லுங்க, சார் வந்துருவாரு."

அடுத்த காலையிலிருந்து அந்த அம்மா சண்டை போடவில்லை. நான் போகும்போது, "இன்னும் வரல, ஐயா" என்பார். மகன் காலைத் தொங்கவிட்டால் அதட்டினார். எங்கள் நர்ஸ் பத்துத் தடவை சொல்லியும் கேட்காத பையன், அம்மாவின் ஒரு அதட்டலுக்குத் தலையணை மேல் காலை ஏற்றினான். அவன் பீடியையும் அந்த அம்மாதான் பிடுங்கி வைத்தார். பதின்மூன்றாம் நாள், ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே நர்ஸ் போன் பண்ணினார். "சார், அந்த அம்மா கோடு வுழுந்துட்டுன்னு சொல்லுது." போய்ப் பார்த்தேன். பாதத்தை மேலே மடக்கினேன். முன்பக்கம் நாலு கோடு. பதினைந்தாம் நாள் காலை தியேட்டரில் முதல் கேஸாக எடுத்தோம். தையல் சுத்தமாக ஆறியது.

அதற்குப் பிறகு புதன்கிழமை மத்தியானம், ஓ.பி. முடிந்ததும், மாவுக்கட்டு அறையில் கொஞ்ச நேரம் உட்காருகிறோம். பயிற்சி மருத்துவர்கள், இரண்டு நர்ஸ்கள், அண்ணாச்சி, சில நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும். வார்டில் இருக்கிற கால்களில் ஒன்றைப் பார்ப்போம். எக்ஸ்ரே கடைசியில்தான். இதற்கு யாருக்கும் மணிக்கணக்குச் சான்றிதழ் கிடையாது, டீயும் அவரவர் செலவு. மேலிடத்திலிருந்து வரும் படிவத்தில் மாதத்துக்கு எத்தனை அறுவை என்ற கட்டம் இருக்கிறது. சரியான நாளுக்காகக் காத்திருந்தது எத்தனை என்று கட்டம் இல்லை. காப்பீட்டுத் தொகையும் அறுவையின் பெயரில்தான் வருகிறது. கட்டில் காலியாகவில்லை என்று நிர்வாகத்தில் முகம் சுளிப்பார்கள். புதன்கிழமைகளில் இதையெல்லாம் பேசினால் டீ ஆறிவிடும், அதனால் பேசுவதில்லை.

ஒரு வருடம் கழித்து அந்தப் பையன் அம்மாவோடு வந்தான். முறிவு கூடியிருந்தது. லேசாக நொண்டினான். எங்கள் முறைப்படி மதிப்பெண் போட வேண்டும். அமெரிக்கப் பாத கணுக்கால் மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட அட்டவணை: மொத்தம் 100, வலிக்கு 40, செயல்பாட்டுக்கு 50, கால் நேராக இருப்பதற்கு 10. மேடுபள்ளத்தில் நடக்க முடிகிறதா, எத்தனை தெரு தூரம் நடப்பாய். கூட்டினால் நல்ல எண்தான் வந்தது.

"சாரத்துல ஏறுறானாம்மா?"

"ஏறுதான். ஒரு மாடிக்கு மேல அனுப்ப மாட்டேன்னுட்டாவ மேஸ்திரி. அதுவும் நல்லதுக்குத்தான். ஆனா குத்தவைக்க முடியல, ஐயா. தரைப்பூச்சு வேலைக்கு உக்கார முடியாது, கூலி கம்மி. கக்கூஸுக்குப் பழைய நாற்காலில ஓட்டை போட்டு வச்சிருக்கோம்."

அட்டவணையில் குத்தவைப்பதற்குக் கேள்வியே இல்லை. மதிப்பெண்ணை எழுதிவிட்டு, ஓரத்தில் தமிழில் 'குத்தவைக்க முடியாது' என்று எழுதி, அண்ணாச்சியிடம் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். போகிற வழியில் அவர் அந்தக் கணுக்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.